வழக்குப் பயம் பெற்ற உரிமம்

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் அச்சான கதாபாத்திர விளையாட்டுப் புத்தகம் ஏதாவது கையில் கிடைத்தால், நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அரக்கர்களும் மந்திரவாதிகளும் வண்ணப் படங்களும் முடிந்த பிறகு, கண்ணாடி போட்டால்தான் படிக்க முடிகிற பொடி எழுத்தில் பதினைந்து பத்திகள் இருக்கக்கூடும். 'ஓப்பன் கேம் லைசன்ஸ், பதிப்பு 1.0ஏ' என்று தலைப்பு. சுருக்கமாக ஓஜிஎல். பதினைந்தாவது பத்தியில், அந்தப் புத்தகம் எந்தெந்தப் புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொண்டதோ அவற்றின் பெயர்கள் ஆண்டோடும் எழுதியவர் பெயரோடும் வரிசையாக நிற்கும். வரிசையின் தலையில் பெரும்பாலும் ஒரே நிறுவனம்தான்: விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்.

சந்தையில் முதலிடத்தில் இருக்கும் நிறுவனம் தன் சரக்கின் உயிர்நாடியை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தது ஏன்? தாராள மனம் என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொன்னவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது கணக்குப் பார்த்துக் கொடுத்த கொடை. அந்தக் கணக்கு செல்லுபடியாக வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இருபது வருடம் ஒரு பயம் ஊறியிருக்க வேண்டும். ஊறியிருந்தது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துபவர். டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். "குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்பார். வாள்வீரன், திருடி, மந்திரக்காரி என்று ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்ட மற்றவர்கள் பதில் சொல்வார்கள். நினைத்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். வெற்றி தோல்வி கிடையாது. ஒரே கதை வருடக்கணக்கில் ஓடுவதும் உண்டு.

இது ஒரே ஆளின் மூளையில் உதித்ததில்லை. 1969இல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் போர் விளையாட்டு ஒன்றில் ஆளுக்கொரு படையைத் தருவதற்குப் பதிலாக ஆளுக்கொரு மனிதரைத் தந்து பார்த்தார். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன் அதை பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டுக்குள் கொண்டுபோனார். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், கேரி கைகாக்ஸ் 1971இல் ஜெஃப் பெரனோடு சேர்ந்து 'செயின்மெயில்' என்ற போர் விதிநூலை வெளியிட்டிருந்தார். இரண்டும் கலந்ததில் பிறந்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', ரசிகர்கள் வாயில் டி அண்ட் டி. கைகாக்ஸும் அவர் நண்பர் டான் கேயும் 1973இல் டிஎஸ்ஆர் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1974இல் ஆயிரம் பெட்டிகள் போட்டார்கள். பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். அத்தனையும் விற்றுத் தீர்ந்தன.

அந்தப் புத்தகங்களிலேயே இரவல் சரக்கு இருந்தது. டோல்கீனின் ஹாபிட்டுகளும் எண்ட் என்கிற நடக்கும் மரங்களும் அதே பெயரில் உள்ளே வந்திருந்தார்கள். உரிமைக்காரர்கள் ஆட்சேபம் சொன்னதும் ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனான், எண்ட் 'ட்ரீயண்ட்' ஆனது. பின்னாளில் பிறர் மீது பாய்ந்த நிறுவனம், ஆரம்பத்தில் தானே பெயர் மாற்றித் தப்பித்த நிறுவனம்தான்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தைப் பாதுகாக்கும். எழுத்து விளக்குகிற முறையைப் பாதுகாக்காது. 1879இலேயே, கணக்கு எழுதும் முறை ஒன்றைப் பற்றிய வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ராகத்தின் ஆரோகண அவரோகணத்துக்கு யாரும் பட்டா வாங்க முடியாது, அதில் அமைத்த கீர்த்தனையின் சாகித்தியத்துக்கு வாங்கலாம் என்பது போல. ஆகவே "இருபது முகப் பகடையை உருட்டு, வரும் எண்ணோடு உன் வலிமையைக் கூட்டு" என்ற விதியை நீங்களும் நானும் சொந்த வார்த்தையில் எழுதி விற்கலாம். 1975இலேயே அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' என்ற தன் சொந்த விளையாட்டை வெளியிட்டார். கணினி விளையாட்டுகள் உயிர்ப்புள்ளிகளையும் அனுபவப் படிகளையும் அள்ளிக்கொண்டு போயின. யாரும் உரிமம் வாங்கவில்லை.

சிக்கல் எல்லைக்கோட்டில்தான். ஒரு மந்திரத்தின் பெயர் விதியா, எழுத்தா? ஒரு அரக்கனின் பலப் பட்டியல் முறையா, படைப்பா? நீதிமன்றத்துக்குப் போனால்தான் தெரியும். போவதற்குக் காசு வேண்டும். மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டு அறையில் நடத்தும் பதிப்பகத்துக்கு வழக்கறிஞரின் ஒரு கடிதமே போதும், கடையை மூட.

டிஎஸ்ஆர் முதலில் அவ்வளவு கறாராக இல்லை. 1976இல் பாப் பிளெட்ஸாவின் ஜட்ஜஸ் கில்டு என்ற சிறு நிறுவனம் வந்து கேட்டபோது, துணை நூல்கள் போட அனுமதி கொடுத்தது. ஆனால் பணம் பெருகப் பெருக முகம் மாறியது. இணை ஆசிரியரான ஆர்னெசனே ராயல்டிக்காக 1979இல் வழக்குப் போட வேண்டி வந்தது. மேஃபேர் கேம்ஸ் 1982 முதல் 'ரோல் எய்ட்ஸ்' என்ற வரிசையில் டி அண்ட் டிக்குப் பொருந்தும் சாகசங்களை வெளியிட்டது. 1984இல் இரு நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1991இல் ஒப்பந்தத்தை மீறியதாக டிஎஸ்ஆர் நீதிமன்றம் போனது. 1993 தீர்ப்பு இரு பக்கத்துக்கும் முழு வெற்றியாக அமையவில்லை. டிஎஸ்ஆர் அந்த வரிசையையே விலைக்கு வாங்கி ஓரம்கட்டியது.

எல்லாவற்றையும் விடக் கொடுமை கைகாக்ஸுக்கு நேர்ந்தது. 1985இல் நிறுவனத்தின் கட்டுப்பாடு லொரெய்ன் வில்லியம்ஸ் கைக்குப் போக, கைகாக்ஸ் வெளியேறினார். 1992இல் ஜிடிடபிள்யூ நிறுவனத்தில் புது விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். முதலில் வைத்த பெயர் 'டேஞ்சரஸ் டைமன்ஷன்ஸ்'. முதலெழுத்துகள் இரண்டும் 'டி' என்று டிஎஸ்ஆர் ஆட்சேபித்ததும் 'டேஞ்சரஸ் ஜர்னீஸ்' என்று மாற்றினார். அப்போதும் விடவில்லை, வழக்கு வந்தது. கடைசியில் அந்த விளையாட்டின் உரிமைகளையும் டிஎஸ்ஆரே வாங்கிக்கொண்டது. விளையாட்டைப் பெற்றெடுத்தவராலேயே அதைப் போல் ஒன்றை எழுத முடியவில்லை என்றால் மற்றவர்கள் நிலையைக் கேட்க வேண்டாம். 1994 வாக்கில் இணையத்தில் ரசிகர்கள் பகிர்ந்த சொந்தச் சாகசங்கள் மீதும் நிறுவனம் கை வைத்தது. டிஎஸ்ஆர் என்ற மூன்றெழுத்துக்கு 'தே சூ ரெகுலர்லி' என்று ரசிகர்கள் புது விரிவாக்கம் எழுதினார்கள்.

மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்தில், பீட்டர் அட்கிசன் என்ற இளைஞர் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டை நடத்திக்கொண்டிருந்தார். 1992இல் வெளியான 'தி பிரைமல் ஆர்டர்' என்ற அவர்களது புத்தகம், பிற நிறுவனங்களின் விளையாட்டுகளோடு எப்படிச் சேர்த்து ஆடுவது என்று பின்னிணைப்பில் விளக்கியது. அந்த நிறுவனங்களில் ஒன்றான பல்லேடியம் புக்ஸ் உடனே வழக்குப் போட்டது. விசார்ட்ஸ் திவாலாகும் நிலைக்குப் போய், சமரசத்தில் மீண்டது. அடுத்த ஆண்டு ரிச்சர்ட் கார்ஃபீல்டின் 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டு விளையாட்டு வந்து பணத்தைக் கொட்டியிருக்காவிட்டால் இந்தக் கதையே இல்லை. ஓஜிஎல்லைப் பெற்ற வீட்டுக்குள்ளும் வழக்கின் சூடு பட்ட நினைவு இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

டிஎஸ்ஆர் வழக்குகளால் விழவில்லை, கிடங்கில் விழுந்தது. எழுதித் தள்ளிய நாவல்களும் உலகம் உலகமாகப் பிரித்துப் போட்ட விளையாட்டு வரிசைகளும் விற்காமல் விநியோகஸ்தரான ரேண்டம் ஹவுஸிலிருந்து திரும்பின. 1996 இறுதியில் அச்சகத்துக்குக் கொடுக்கப் பணமில்லை; அச்சு நின்றது. 1997இல் விசார்ட்ஸ் அதை வாங்கியது; சுமார் 2.5 கோடி டாலர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தொகை. 1999இல் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ விசார்ட்ஸை 32.5 கோடி டாலருக்கு வாங்கியது.

டிஎஸ்ஆரின் கணக்கேடுகளைப் புரட்டியவர்களில் ஒருவர் ரயன் டான்சி. பிறகு டி அண்ட் டியின் வணிகப் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் கண்ட உண்மை எளிமையானது. ஆடுகிற ஐந்து பேரும் விதிநூலை வாங்குவார்கள். சாகசக் கதைப் புத்தகத்தை டன்ஜன் மாஸ்டர் ஒருவர்தான் வாங்குவார். அதாவது, எழுதவும் வரையவும் செலவு பிடிக்கிற சாகசங்களில் லாபம் சொற்பம். ஆனால் சாகசங்கள் இல்லாவிட்டால் விதிநூல் விற்காது. அப்படியென்றால் லாபமில்லாத வேலையை அடுத்தவர் செய்யட்டுமே! அவர்கள் போடும் ஒவ்வொரு புத்தகமும் நம் விதிநூலுக்கு விளம்பரம்.

அதோடு இன்னொரு யோசனையும் சேர்ந்தது. டி அண்ட் டியின் உண்மையான சொத்து அதன் விதிகளில் இல்லை, அந்த விதிகளை ஏற்கெனவே கற்று வைத்திருக்கும் ஆட்களில் இருக்கிறது. தொலைபேசி வைத்திருப்பவர்கள் கூடக் கூட ஒவ்வொரு தொலைபேசிக்கும் மதிப்பு கூடும் என்று பொருளாதாரத்தில் சொல்வார்களே, அதே தர்க்கம். எல்லாரும் ஒரே விதியில் எழுதினால் எல்லாரும் ஒரே விதியில் ஆடுவார்கள். அந்த விதியின் வீடு நம் வீடு. மாதிரிக்கு அவர் எடுத்துக்கொண்டது ரிச்சர்ட் ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் உரிமம். ஸ்டால்மன் நிறுவனங்களின் பிடியை உடைக்கச் செய்ததை டான்சி ஒரு நிறுவனத்தின் பிடியை இறுக்கச் செய்தார். இதைச் சாமர்த்தியம் என்று மெச்சத்தான் தோன்றுகிறது. இன்னொரு காரணத்தையும் டான்சி பின்னாளில் சொன்னார்: டிஎஸ்ஆரோடு சேர்ந்து விளையாட்டும் மூழ்கவிருந்ததைப் பார்த்தவர் அவர், இனி எந்த முதலாளி மூழ்கினாலும் விளையாட்டு மூழ்கக்கூடாது என்று நினைத்தாராம்.

டான்சியும் நிறுவன வழக்கறிஞர் பிரையன் லூயிஸும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பில் இரண்டு உரிமங்கள் இருந்தன. ஒன்று ஓஜிஎல். விதிகளின் சாரத்தை 'சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்', அதாவது எஸ்ஆர்டி என்ற ஆவணமாக வெளியிட்டார்கள். அதை யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, விற்கலாம். ராயல்டி கிடையாது, காலக்கெடு கிடையாது. எடுத்தவர் தன் மாற்றங்களையும் அடுத்தவருக்குத் திறந்துவைக்க வேண்டும். பிஹோல்டர் என்கிற பல கண் அரக்கன், மைண்ட் ஃப்ளேயர் போன்ற சொந்தப் படைப்புகளை மட்டும் விசார்ட்ஸ் வெளியே விடவில்லை. இரண்டாவது, 'டி20' சின்னத்துக்கான உரிமம். அட்டையில் அந்தச் சின்னம் இருந்தால் இது டி அண்ட் டியோடு பொருந்தும் என்று வாங்குபவருக்குப் புரியும். ஆனால் பாத்திரத்தை உருவாக்கும் விதிகளை அதில் அச்சிடக் கூடாது. அதற்கு விசார்ட்ஸின் விதிநூலைத்தான் வாங்க வேண்டும். இந்தச் சின்னத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

ஓஜிஎல்லின் ஏழாவது பத்தியைப் பலர் கவனிப்பதில்லை. பிறர் வணிகச் சின்னத்தைச் சொல்லி, அதோடு பொருந்தும் என்று அனுமதியில்லாமல் எழுத மாட்டேன் என்று கையெழுத்து போடுகிறோம். சட்டப்படி உண்மையைச் சொல்ல நமக்கு ஓரளவு உரிமை இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்து, சட்டம் பெரும்பாலும் ஏற்கெனவே தந்திருந்த விதிகளைப் பெற்றுக்கொள்கிறோம். பிறகு ஏன் எல்லாரும் ஓடிவந்து எடுத்துக்கொண்டார்கள்? டிஎஸ்ஆர் காலத்துக் கடிதங்களை மறக்காததால். "உன் மேல் வழக்குப் போட மாட்டேன்" என்ற எழுத்து, விதிகளைவிட விலைமதிப்புள்ளதாக இருந்தது.

2000 ஆகஸ்டில் மில்வாக்கியில் நடந்த ஜென் கான் என்ற விளையாட்டு விழாவில் டி அண்ட் டியின் மூன்றாம் பதிப்பு வெளியானது. ஜொனதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் எழுதியது. அதே விழாவில் அட்லஸ் கேம்ஸின் 'த்ரீ டேஸ் டு கில்', கிரீன் ரோனினின் 'டெத் இன் ஃப்ரீபோர்ட்' என்ற இரண்டு வெளியார் சாகசங்களும் விற்பனைக்கு நின்றன. பிறகு வெள்ளம். நல்லதும் குப்பையுமாகப் புத்தகங்கள் கடை அலமாரிகளை அடைத்தன. 2003இல் விசார்ட்ஸ் 3.5 என்று விதிகளைத் திருத்தியதும், பழைய விதியில் அச்சடித்தவர்களின் சரக்கு கடைக்காரர்கள் தலையில் விழுந்தது. பல சிறு பதிப்பகங்கள் அதோடு போயின.

தங்கியவர்கள் தேர்ந்தவர்கள். அவர்களில் முக்கியமானது லிசா ஸ்டீவன்ஸ் 2002இல் தொடங்கிய பைசோ. விசார்ட்ஸின் 'டிராகன்', 'டன்ஜன்' இதழ்களை உரிமம் பெற்று நடத்திக்கொண்டிருந்தது. 2007இல் விசார்ட்ஸ் இதழ்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு நான்காம் பதிப்பையும் அறிவித்தது. 2008இல் வந்த அந்தப் பதிப்புக்கு ஓஜிஎல் கிடையாது. பதிலாக வந்த புது உரிமத்தை விசார்ட்ஸ் நினைத்தபோது மாற்றலாம். அதில் சேரும் நூல்வரிசையைப் பழைய ஓஜிஎல்லில் தொடர முடியாது. பைசோ சேரவில்லை. கைவிடப்பட்ட 3.5 விதிகள்தான் ஓஜிஎல்லில் என்றென்றைக்குமாகக் கிடக்கின்றனவே! எடுத்துச் செப்பனிட்டு 2009இல் 'பாத்ஃபைண்டர்' என்று வெளியிட்டது. அமெரிக்கக் கடைகளைக் கேட்டறிந்து ஐசிவி2 இதழ் வெளியிடும் தரவரிசையில், 2011 முதல் சில ஆண்டுகள் முதலிடம் பாத்ஃபைண்டருக்கு. டி அண்ட் டியை, டி அண்ட் டியின் பழைய விதிகளே தோற்கடித்தன. மக்கள் எந்த விதியைக் கற்று வைத்திருக்கிறார்களோ அங்கேதான் சந்தை என்ற டான்சியின் வாதம் அவருடைய நிறுவனத்துக்கே எதிராக நிரூபணமானது.

பாடம் கற்ற விசார்ட்ஸ், 2014இல் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டு, 2016இல் அதன் எஸ்ஆர்டியையும் ஓஜிஎல்லில் திறந்துவிட்டது. 'கிரிட்டிக்கல் ரோல்' போன்ற இணைய ஒளிபரப்புகள் புதுத் தலைமுறையைக் கொண்டுவந்தன. முதலிடம் திரும்பியது. அங்கேயே நின்றிருக்கலாம்.

2022 டிசம்பரில் முதலீட்டாளர்களிடம் பேசிய விசார்ட்ஸின் அப்போதைய தலைவர் சிந்தியா வில்லியம்ஸ், டி அண்ட் டியிலிருந்து ஈட்ட வேண்டிய பணத்தை இன்னும் ஈட்டவில்லை என்ற கருத்தைச் சொன்னார். ஆடுபவர்களில் சுமார் 20 சதவீதம்தான் டன்ஜன் மாஸ்டர்கள், செலவழிப்பவர்களில் பெரும்பங்கு அவர்கள் என்றும் குறிப்பிட்டார். டான்சி பார்த்த அதே கணக்கு. ஒருவர்தான் வாங்குகிறார், ஆகவே அந்த வேலையை மற்றவருக்குக் கொடு என்றார் அவர். ஒருவர்தான் வாங்குகிறார், ஆகவே மீதிப் பேரிடமும் வசூல் செய் என்றார்கள் இவர்கள்.

2023 ஜனவரி 5 அன்று 'ஓஜிஎல் 1.1' என்ற வரைவு கசிந்து, கிஸ்மோடோ குழுமத்தின் ஐஓ9 தளத்தில் லிண்டா கொடேகா எழுதிய செய்தியாக வெளியானது. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் ராயல்டி. 50,000 டாலரைத் தாண்டினாலே கணக்குக் காட்ட வேண்டும். நீங்கள் எழுதியதை விசார்ட்ஸ் தானும் பயன்படுத்திக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய 1.0ஏ இனி 'அங்கீகரிக்கப்பட்ட' உரிமம் இல்லை.

எங்கிருந்து வந்தது இந்தச் சொல்? ஒன்பதாவது பத்தியிலிருந்து. உரிமத்தின் அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்கிறது அது. அங்கீகாரத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று சொல்லவில்லை. நான்காவது பத்தியில் 'நிரந்தரம்' இருக்கிறது, 'திரும்பப் பெறவியலாதது' இல்லை. விசார்ட்ஸே தன் பழைய விளக்கக் குறிப்பில், உரிமத்தை மாற்றினாலும் பழையதை நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று உறுதி சொல்லியிருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரு தொழிலே அந்த நம்பிக்கையில் நடந்தது.

அந்த ஜனவரி முழுக்க ரசிகர்கள் 'டி அண்ட் டி பியாண்ட்' என்ற விசார்ட்ஸின் இணையச் சேவைக்கான சந்தாவை ரத்து செய்தார்கள். அந்தச் சேவையை ஹாஸ்ப்ரோ முந்தைய ஆண்டுதான் 14.63 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. ஆக, அடி சரியான இடத்தில் விழுந்தது. ஜனவரி 12 அன்று பைசோ, எந்த விளையாட்டு நிறுவனமும் சொந்தம் கொண்டாட முடியாத 'ஓஆர்சி' என்ற புது உரிமத்தை அறிவித்தது. கோபோல்டு பிரஸ், கேயாசியம், கிரீன் ரோனின் ஆகிய பதிப்பகங்கள் அதனுடன் நின்றன. அதை எழுதித் தர முன்வந்தது அசோரா லா என்ற சட்ட நிறுவனம். ஓஜிஎல்லை எழுதிய அதே பிரையன் லூயிஸ் அப்போது அங்கே இருந்தார். எட்டு மாதத்துக்கென்று வைத்திருந்த பாத்ஃபைண்டர் சரக்கு இரண்டே வாரத்தில் விற்றதாகப் பைசோ சொன்னது.

விசார்ட்ஸ் 1.2 என்று ஒரு திருத்தத்தை வைத்துக் கருத்துக் கேட்டது. 15,000க்கும் மேற்பட்ட பதில்களில் 88 சதவீதம் பேர் இந்த உரிமத்தின் கீழ் வெளியிட மாட்டோம் என்றார்கள். ஜனவரி 27 அன்று நிறுவனம் முழுதாகப் பின்வாங்கியது. ஓஜிஎல் 1.0ஏ அப்படியே இருக்கும் என்றது. ஐந்தாம் பதிப்பின் எஸ்ஆர்டி முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அதில் திரும்பப் பெற முடியாது என்பது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. கசிவிலிருந்து சரணாகதி வரை இருபத்திரண்டு நாள்.

ஆனாலும் விட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. பைசோ தன் பாத்ஃபைண்டர் நூல்களிலிருந்து ஓஜிஎல் சரக்கைக் களைந்து, 2023 நவம்பர் முதல் மறுபதிப்பு போட்டது. கோபோல்டு பிரஸ் தன் சொந்த விதிநூலைக் கொண்டுவந்தது. டி அண்ட் டியால் பேர் வாங்கிய கிரிட்டிக்கல் ரோல் குழுவின் பதிப்பகமே 2025இல் 'டாகர்ஹார்ட்' என்ற தனி விளையாட்டை வெளியிட்டது. சந்தையில் முதலிடம் இன்னமும் டி அண்ட் டியிடம்தான். 2025 ஏப்ரலில் விசார்ட்ஸ் அதன் புதிய விதிகளின் எஸ்ஆர்டி 5.2ஐ வெளியிட்டபோது, அதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மட்டுமே தந்தது, ஓஜிஎல்லில் தரவில்லை.